மேல் வீட்டு இரும்பு

அத்தியாயம் 9

வீட்டில் ஏதாவது விசேஷமா என்று முதலாளி கேட்டதற்கு, "இல்லை சார், சண்டை" என்று சொல்லித்தான் சிட்டு அன்றைக்கு லீவு வாங்கியிருந்தாள்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் செட் செய்யும் லேபில் பன்னிரண்டு வருஷமாக மூலை மேஜையில் உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் மெழுகில் பல் வரிசை செய்து கொடுப்பவள் அவள். ஆள் சின்ன உருவம், குரல் அதைவிடச் சின்னது. பெயர் வேறு ஏதோ இருந்தாலும், புகுந்த வீட்டிலும் லேபிலும் எல்லோருக்கும் அவள் சிட்டுதான். அவள் போய் யாரோடு சண்டை போடப் போகிறாள்?

போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு மேல் வீட்டுக்காரர்கள் அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அவர்கள் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு அண்ணன், ஒரு தங்கை. வீட்டுக்குள் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலை பத்து மணிக்கு மேலே தொம்மென்று ஏதோ விழும். இரண்டு நிமிஷம் அமைதி. மறுபடி தொம். பகல் ஒரு மணி வரை இதே கதை. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

சிட்டுவின் கணவருக்கு ரயில்வேயில் சிக்னல் கேபினில் இரவு வேலை. காலை ஏழரைக்கு வருவார், எட்டரைக்குப் படுப்பார். பத்துக்கு இடி. கட்டிலை ஹாலுக்கு மாற்றிப் பார்த்தார்கள்; சத்தமும் கூடவே ஹாலுக்கு வந்தது. காதில் பஞ்சு வைத்தார். சத்தம் காது வழியாக வரவில்லை, கட்டில் கால் வழியாக ஏறி வந்தது. போன மாதம் ஒரு நாள் விடிகாலையில், விளக்குகளைப் பார்த்தபடியே உட்கார்ந்த இடத்தில் கண் அசந்துவிட்டார். ஒரு சரக்கு வண்டி சிவப்பு விளக்கில் பதினொரு நிமிஷம் காத்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் எழுத்து மூலமாக எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை நடந்தால் அந்த நாற்காலியில் அவர் உட்கார முடியாது.

அதற்கு அப்புறம்தான் மாமியார் களத்தில் இறங்கினார். சத்தம் கேட்டதும் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் டக் டக்கென்று பதிலுக்குத் தட்டுவார். மூன்று கடிதம் எழுதி மேல் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டாயிற்று. பதில் இல்லை. குடியிருப்புச் செயலாளர் இரண்டு தடவை போய்க் கேட்டார். அண்ணன்காரன் கதவைப் பாதி திறந்து, குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டான். குறையவில்லை. இதில் மாமியாருக்கு ரத்தம் கொதித்த விஷயம் என்னவென்றால், அந்தத் தங்கைக்காரி படியில் எதிர்ப்படும்போதெல்லாம் அவரைப் பார்த்து முகம் மலரச் சிரித்துவிட்டுப் போவதுதான்.

"தட்டுறேன்னு தெரிஞ்சே சிரிக்கிறா. என்ன திமிரு பாரு" என்பார்.

கடைசியில் செயலாளர் ஒரு மனு தயாரித்தார். மேல் வீட்டைக் காலி செய்ய வைக்கும்படி அதன் உரிமையாளருக்கு வேண்டுகோள். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. பாதிக்கப்பட்டவருடையது. சிக்னல்காரர்தான் பேனாவைத் தொடாமல் நான்கு நாளாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். இன்று மாலை நான்கு மணிக்குச் செயலாளர் வந்து மனுவை வாங்கிப் போகப் போகிறார்.

அன்று காலை கணவர் வந்து, குளித்து, சாப்பிட்டு, படுத்தார். மனு மேஜை மேலேயே கிடந்தது. "ஏங்க, இதுல என்ன யோசனை?" என்று சிட்டு கேட்டாள். எழுந்ததும் பார்க்கலாம் என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து அடித்தது. தொம்.

மாமியார் கம்பை எடுக்கப் போனார். சிட்டு அதற்கு முன்பே எழுந்துவிட்டாள். மனுவை எடுத்து மடித்து மடியில் செருகிக்கொண்டாள். மூன்று கடிதங்களின் நகல்களையும் எடுத்துக்கொண்டாள். செருப்பைக்கூடப் போடாமல் படியேறினாள். ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நீங்களும் மனுஷங்கதானா? எங்க வீட்டுக்காரர் வேலை போனா நீங்க வந்து சோறு போடுவீங்களா? பன்னிரண்டு வருஷமாக லேபில் வாயைத் திறக்காமல் சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்குச் செலவாகக் காத்திருந்தது.

மேல் வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. காற்றுக்காக ஒரு செங்கலை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சிட்டு தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே போனவளுக்கு முதல் வாக்கியமே மறந்துபோயிற்று.

அந்த ஹாலில் ஒரு நாற்காலி இல்லை, மேஜை இல்லை. சுவரோரம் சுருட்டி வைத்த இரண்டு படுக்கைகள். நடுவில் பழைய லாரி டயர்களை வெட்டிப் பரப்பி, அதன்மேல் கனமான பலகைகளை அடுக்கி, மேலே ரப்பர் விரித்த ஒரு மேடை. அதன்மேல் ஒரு நீண்ட இரும்புத் தண்டு, இரண்டு முனையிலும் வண்டிச் சக்கரம் மாதிரி தட்டுகள். அந்தத் தண்டுக்கு முன்னால் தங்கைக்காரி நின்றிருந்தாள். இடுப்பில் அகலமான தோல் வார். உள்ளங்கைகளில் வெள்ளைப் பொடி. தலைமுடி வாராமல் ஒரு ரப்பர் வளையத்துக்குள் திணித்துக் கிடந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். உயரம் சிட்டுவைவிட ஒரு சாண்தான் அதிகம்.

ஓரத்தில் நின்ற அண்ணன்காரன் சிட்டுவைப் பார்த்துவிட்டான். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. கையை நீட்டி, பேசாதீர்கள் என்று கெஞ்சுகிற பாவனையில் நின்றான்.

அந்தப் பெண் எதையும் பார்க்கவில்லை. குனிந்து தண்டைப் பிடித்தாள். அவள் மூச்சு உள்ளே போவது அந்த அறையில் கேட்டது.

அப்புறம் நடந்ததைச் சிட்டு அன்று முழுவதும் யாரிடமாவது சொல்லிப் பார்க்க முயன்றாள். ஒருவரிடமும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அந்த இரும்பு தரையை விட்டுக் கிளம்பியது. முதலில் மெதுவாக, போக மனமில்லாத மாதிரி. முழங்காலைத் தாண்டியதும் திடீரென்று எடையே இல்லாதது போல எகிறியது. அது எகிறிய அந்த அரை நொடியில் அவள் அதன் அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தண்டு அவள் கழுத்தெலும்பின் மேல் வந்து இறங்கியது. குந்தி இருந்தவள் எழுந்தாள். தொடை நடுங்கியது. முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து நின்று ஒரு மூச்சு விட்டாள். பிறகு ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே பாய, அந்த இரும்பு முழுவதும் அவள் தலைக்கு மேல் போய் நின்றது.

அசையாமல் நின்றது. அவள் கால்களை மெல்ல ஒன்று சேர்த்தாள். கண் கூரையில் எங்கோ இருந்தது. அந்தக் கண்ணில் வலியும் இல்லை, கர்வமும் இல்லை. வேறு யாருக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பவள் போல நின்றாள்.

ஒரு மனித உடம்பு இப்படிச் செய்யும் என்று சிட்டுவுக்குத் தெரியாது. கையில் பிடித்த காகிதங்கள் அவளை அறியாமலே கசங்கின.

தொம். இரும்பு கீழே விழுந்தது. மூன்று மாதமாகத் தலைக்கு மேல் கேட்ட அதே சத்தம். இப்போது காலுக்கடியில் கேட்டது.

"எவ்வளவு கிலோ?" என்றாள் சிட்டு. சண்டை போட வந்தவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "நூத்தஞ்சு."

சிட்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். தான் நாற்பத்தேழு. அத்தை ஐம்பத்தெட்டு. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறாள் இவள். அதுவும் தினமும், காலைச் சாப்பாடு செரிப்பதற்குள்.

"நீங்க கீழ் வீட்டு அக்காதானே?" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அம்மா வரலையா? அவங்ககிட்ட ஒரு நாள் வந்து தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன். நான் ஒவ்வொரு தடவை தூக்கினதும் கீழேருந்து தட்டிக் கொடுப்பாங்களே. நேர்ல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க, கூச்ச சுபாவம் போலிருக்கு."

சிட்டுவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அத்தை உங்களைப் பாராட்டித் தட்டலைம்மா" என்றாள். "நிறுத்தச் சொல்லித் தட்டினாங்க."

கடித நகல்களை நீட்டினாள். அந்தப் பெண் பொடிக் கையோடு வாங்கிப் படித்தாள். முதல் கடிதம் மரியாதையாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் காரமாக. மூன்றாவதில் சரக்கு வண்டி நின்ற பதினொரு நிமிஷமும் எச்சரிக்கைக் கடிதமும் இருந்தன. மூன்றையும் படித்து முடித்துவிட்டு, முதலாவதை மறுபடி எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"பகல்ல கீழ் வீடு காலியா இருக்கும், அந்தம்மா மட்டும்தான் இருப்பாங்க, அவங்களுக்கு நான் தூக்குறது ரொம்பப் பிடிக்கும்னு சொன்னியே."

அவன் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. ஆனால் அகப்பட்ட பிறகு சமாளிக்கத் தெரியாதவன். பவுடர் டப்பாவுக்கு அடியிலிருந்து மூன்று உறைகளையும் எடுத்துத் தரையில் வைத்தான். நாலு மாதம் முன்னால் பயிற்சிக்கூடத்தைப் பழுது பார்க்கிறோம் என்று பூட்டிவிட்டார்கள். வேறு இடம் இல்லை. பளு தூக்கும் தேர்வுப் போட்டிக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. ஏழு வருஷ உழைப்பு. கீழே ஒருவர் தூக்கமில்லாமல் கிடக்கிறார் என்று தெரிந்தால் இவள் தண்டைத் தொட மாட்டாள், அதனால்தான் மறைத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தங்கை ஒரு வார்த்தை திட்டவில்லை. இடுப்பு வாரை அவிழ்த்தாள். சுருட்டினாள். மேடையின் ஓரத்தில் வைத்தாள். அவ்வளவுதான். அந்தச் செய்கையைப் பார்த்து அண்ணன்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிட்டுவுக்கு, தான் எதையோ கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. மடியில் இருந்த மனுவை வெளியே எடுக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது.

சிக்னல்காரர். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன. மூன்று மாதத் தூக்கத்தைப் பறிகொடுத்த மனுஷன் நேரில் வந்து நிற்கிறார். அண்ணன்காரன் தங்கைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான், அடி விழுந்தால் தன் மேல் விழட்டும் என்று.

அவர் அவனைப் பார்க்கவே இல்லை. மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தண்டின் ஒரு முனையில் உட்கார்ந்து தட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். மறு முனைக்கும் போய்ச் சுண்டினார். பிறகு நிமிர்ந்து அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"ஜன்னல் பக்கம் முதல்ல விழுதே, ஏன்?"

யாருக்கும் புரியவில்லை.

அவர் நிதானமாகச் சொன்னார். ஆரம்பத்தில் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. தொம். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து விழும். பத்து நாளாக அப்படி இல்லை. ஜன்னல் பக்கம் ஒரு இம்மி முன்னால், சமையலறைப் பக்கம் ஒரு இம்மி பின்னால். சாதாரணக் காதுக்குத் தெரியாது. சிக்னல் கேபினுக்குப் போவதற்கு முன்னால் எட்டு வருஷம் அவருக்கு யார்டில் வேலை. நிற்கிற வண்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், விரிசல் விழுந்த சக்கரத்தைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற வேலை.

"முதல்ல சத்தத்தால தூக்கம் வரல, அது உண்மை. இந்தப் பத்து நாளா அதனால இல்ல. மேல ஏதோ சரியில்லைன்னு தோணிட்டே இருந்தது. அது என்னன்னு தெரியாம கையெழுத்துப் போட மனசு வரல."

சிட்டு தன் கணவரையே புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பத்து வருஷம் கூட வாழ்ந்தவர். சத்தத்தில் துடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மேலே ஒரு பெண் தூக்குவதை, முகம் தெரியாமல், ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

அண்ணன்காரன் அதெல்லாம் இருக்காது, தான் எதிரில் நின்று தினமும் பார்க்கிறேன் என்றான். தங்கை குனிந்தபடி, பலகை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கலாம்" என்றார் சிக்னல்காரர். "பார்த்துடலாம். இப்ப ஒரு தடவை வழக்கம் போலத் தூக்குங்க. அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பி நின்னு ஒரு தடவை. பலகை காரணம்னா திரும்பி நின்னாலும் ஜன்னல் பக்கம்தான் முதல்ல விழணும்."

அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று சிட்டு நினைத்தாள். அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் வாரைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

மற்ற மூன்று பேரும் அந்த அறையில் கோயிலுக்குள் நிற்பது போல நின்றார்கள். இரும்பு எழும்பியது. கழுத்துக்கு வந்தது. தலைக்கு மேல் போய் நின்றது. சிட்டு இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

த-தொம்.

கேட்டுவிட்டது அவளுக்கும். ஒரு சத்தத்தின் முதுகில் இன்னொரு சத்தம். ஜன்னல் பக்கம்தான். அண்ணன்காரன் முகம் சுருங்கியது, அவனுக்கும் கேட்டிருக்கிறது.

அந்தப் பெண் திரும்பி நின்றாள். இப்போது அவள் இடது கை சமையலறைப் பக்கம் இருந்தது. மூச்சை இழுத்தாள். இந்தத் தடவை எழுந்திருக்க அதிக நேரம் பிடித்தது. ஆனாலும் எழுந்தாள். தூக்கினாள். நிறுத்தினாள். விட்டாள்.

த-தொம். சமையலறைப் பக்கம்.

சிக்னல்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பலகையில் குறை இல்லை.

"பிடிதான் சரியில்ல" என்றான் அண்ணன்காரன். "இடது கைப் பிடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடிச்சா சரியாயிடும். நல்லவேளை சொன்னீங்க சார். பதினொரு நாள் இருக்கு, சரி பண்ணிடலாம்." அவன் குரலில் அவ்வளவு நன்றி இருந்தது. தங்கை குனிந்து கையிலிருந்த பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேரத்தையும் அங்கேயே பேசி முடித்தார்கள். காலையில் இனிமேல் ஒன்றும் கிடையாது. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை தூக்கலாம். அப்போது சிக்னல்காரர் விழித்திருப்பார். மூன்று மாதச் சண்டை நான்கு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று.

கீழே வந்து அவர் படுத்தார். படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. சிட்டு விஷயத்தை மாமியாருக்குச் சொன்னாள். நூற்றைந்து கிலோவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டியது பாராட்டு ஆகிப்போன கதையைச் சொன்னதும்தான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவ சிரிச்சது?"

"உங்களுக்கு நன்றி சொல்லித்தான் அத்தை."

"படியிலேயே என்னென்னவோ முணுமுணுத்திருக்கேனே" என்றார் மாமியார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று சிட்டுவுக்குத் தெரியும்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். தூங்குகிறவரை எழுப்பாமல் தட்டுகிறார்களாம். திறந்தால் மேல் வீட்டுப் பெண். கையில் ஒரு சீப்பு.

"அக்கா, கொஞ்சம் தலை வாரி விடுறீங்களா?"

சிட்டுவுக்கு வியப்பாக இருந்தது. ஆனாலும் சமையலறைக்கு அழைத்துப் போய் முக்காலியில் உட்கார வைத்தாள். ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். முடி சிக்குப் பிடித்து, பல நாளாகச் சீப்பே படாமல் கிடந்தது. நுனியிலிருந்து பிரித்துப் பிரித்து வாரினாள். லேபில் ஒரு பல்லை ஈறில் பொருத்துகிற பொறுமை அவள் விரலில் இருந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இடது கையை மடியில் வைத்து வலது கையால் தாங்கியிருந்தாள்.

சிட்டுவின் கை நின்றது.

"எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள்."

தோளுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். வெளியே யாருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து காலையில் எழுந்தால் கை காதுக்கு மேல் போகாது. சீப்புப் பிடிக்க முடியவில்லை. சட்டைக்குள் கை நுழைக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. அண்ணனிடம் சொல்லவில்லை. அவன் இரண்டு வேலை பார்த்து, நாளைக்கு ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டு, ஏழு வருஷமாக இதற்காகவே வாழ்கிறவன்.

"சீப்பைத் தூக்க முடியல. அதை எப்படிம்மா தூக்குற?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். தன்னிடமே கேட்டுக்கொள்வது போல இருந்தது. "தெரியலக்கா. தண்டைப் பிடிச்சதும் கை என் கை மாதிரி இல்ல. தூக்கணும்னு அதுக்குத் தெரியுது, தூக்கிடுது. கீழே போட்ட அப்புறம்தான் திரும்ப என் கையா ஆகுது."

சிட்டு அந்தத் தோளைப் பார்த்தாள். பார்க்க எந்தத் தோளையும் போலத்தான் இருந்தது. காலையில் கண்ணெதிரே இரண்டு மனுஷர் கனத்தைத் தாங்கிய தோள், ஒரு மரச் சீப்புக்குத் தோற்றுப் போயிருக்கிறது. வாய்க்கு வந்தது ஒரே ஒரு கேள்விதான், டாக்டரிடம் காட்டினாயா என்று. காட்டினால் தூக்கக்கூடாது என்பார், போட்டி முடிந்ததும் காட்டுகிறேன் என்றாள் அவள். எழுந்து, வாரிய தலையை வலது கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. சாரும் தெரிஞ்சுக்கிட்டாருன்னு நினைக்கிறேன். அவரும் சொல்ல வேண்டாம்."

சிட்டு சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் படியேறிப் போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகக் கால் வைத்துப் போனாள்.

நான்கு மணிக்குச் செயலாளர் வந்தார். சிக்னல்காரர் முகம் கழுவி, தெளிந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு இனி புகார் இல்லை என்றார். ஆறு வீடு ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிய செயலாளருக்கு முகம் விழுந்துவிட்டது. பாதிக்கப்பட்டவரே இப்படிச் சொன்னால் நான் யாருக்காக அலைந்தேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சிட்டுவின் கையில் பேனா இருந்தது. கணவர் கையெழுத்து இல்லையென்றால் என்ன, தான் போட்டாலும் செல்லும் என்று அவளுக்குத் தெரியும். போட்டால் அவர்கள் காலி செய்ய வேண்டியிருக்கும். பதினொரு நாளில் வேறு இடம் கிடைக்காது. தூக்க முடியாது. தோள் தப்பிக்கும். போடாவிட்டால் அவள் தூக்குவாள். ஏழு வருஷமும் தப்பிக்கும், தோள் தப்பிக்குமா? மனுவின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செயலாளர் தொண்டையைச் செருமினார். காலையில் தலைக்கு மேல் இரும்பை நிறுத்திக்கொண்டு கூரையைப் பார்த்த அந்தக் கண் நினைவுக்கு வந்தது. சிட்டு பேனாவை மூடினாள்.

செயலாளர் மனுவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமியார் ஒரு பை நிறைய பழம் வாங்கி வந்திருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. ஐந்து மணி ஆயிற்று. மூன்று மாதத்தில் முதல் தடவையாக, மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து மேலே சத்தம் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

மேலே கால்கள் மேடையில் ஏறின. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பாய்ச்சல்; ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. கூரை லேசாக அதிர்ந்தது. தூக்கிவிட்டாள். மாமியார் தன்னையறியாமல் கைகளைக் கோத்துக்கொண்டார். சிக்னல்காரர் ஒரு விரலை உயர்த்திக் காது கொடுத்தார். ஒரு சத்தமா, இரண்டு சத்தமா?

சத்தமே வரவில்லை.

ஐந்து எண்ணலாம், பத்து எண்ணலாம். டம்ளர்கள் அசையவில்லை. கூரையிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பு உதிரவில்லை. வெகுநேரம் கழித்து, படுக்கையில் குழந்தையைக் கிடத்துவது போல, ரப்பரில் ஏதோ வந்து படிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மாமியார். அவர் முகம் நெகிழ்ந்துபோயிருந்தது. "எவ்வளவு நல்ல பொண்ணு. நமக்காக எவ்வளவு மெதுவா வைக்கிறா பாரு."

சிக்னல்காரரின் விரல் இன்னும் இறங்கவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"போடல" என்றார் தாழ்ந்த குரலில். "தலைக்கு மேலேருந்து கையாலயே இறக்கி வைக்கிறா. நூத்தஞ்சு கிலோவையும். போட்டா அந்த ரெண்டு சத்தம் கேட்டுடுமே."

மேலே மறுபடியும் கால்கள் மேடையில் ஏறின. சிட்டு எழுந்துவிட்டாள். வாசற்படியைத் தாண்டும்போது அந்தப் பாய்ச்சல் கேட்டது. முதல் படியில் கால் வைத்துக் காத்திருந்தாள். கேட்கவில்லை. இரண்டாவது படி, மூன்றாவது படி. இன்னும் அந்த இரும்பு கீழே வரவில்லை.

அவள் ஓடத் தொடங்கினாள்.